மேசைமேல் ஒரு கரடிப் பூங்கா

மாரிக்கால இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கத்து வீடுகளிற் பிள்ளைகளுக்குப் பொழுது போவது பெரும்பாடு. சென்ற மாரியில் எங்கள் வீட்டில் அக்குறையைத் தீர்த்தது, ஜேர்மனியிலிருந்து என் தம்பி அனுப்பிய ஒரு பெட்டி. ‘பேரன்பார்க்’ என்பது உள்ளிருந்த விளையாட்டின் பெயர். கரடிப் பூங்கா என்று பொருள். அவுஸ்திரேலியரான பில் வோக்கர்-ஹார்டிங் ஆக்கிய இவ்விளையாட்டு 2017 இல் வெளிவந்தது. நால்வர் வரை ஆடலாம். என் தந்தையார், மனைவி, பத்து வயது மகள், நான் என நால்வரும் அரிக்கன் லாம்பைச் சுற்றி அமர்ந்தோம்.

தாயத்தில் உள்ளதுபோல் இதில் வெட்டு இல்லை. பதினாறு கட்டங்கள் கொண்ட நிலத்தைக் கோணல்மாணலான அட்டைத் துண்டுகளால் இடைவெளியின்றி மூடவேண்டும். முழுதும் மூடியவருக்கு ஒரு கரடிச் சிலை கிடைக்கும். முந்தி மூடியவருக்குப் புள்ளி அதிகம். பெரிய கூடுகளையே வாரிக்கொண்ட என் பூங்காவோ ஓட்டைகள் நிறைந்து கிடந்தது. ஒற்றைக் கட்ட ஓட்டையை அடைக்க உதவும் துண்டு மலசலகூடம் ஒன்றுதான். அதற்குப் புள்ளி பூச்சியம். மகள் சிரித்த சிரிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

பனிக்கரடி, பண்டா, கோபிக் கரடி, கோலா என்று அவள் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தாள். (மாணவர்கள் மயங்கவேண்டாம்: கோலா கரடியினம் அன்று, கங்காருவைப் போலக் குட்டியைப் பையிற் சுமக்கும் விலங்கு.) அதுவரை வாளாவிருந்த தந்தையார், “எங்கட கரடி எங்கை, மோனை?” என்றார்.

அது பெட்டியில் இல்லை. மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இடக் கன்னத்திலிருந்து காதுவரை ஓடும் தழும்பு விளக்கொளியில் நன்றாகத் தெரிந்தது. “அப்பப்பா, இது கரடியே செய்தது?” என்றாள். நாற்பத்தைந்து வயதாகியும் நான் கேட்கத் துணியாத கேள்வி அது. மாடு முட்டியது என்றே வீட்டில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

1974 ஆம் ஆண்டு. அரிசியும் மாவும் அரிதாயிருந்த காலம். இருபத்திரண்டு வயது இளைஞரான அவர், பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறார். பாலை பழுக்கும் காலத்திற் கரடியும் அம்மரங்களை நாடி வரும், கிளையேறியும் தின்னும். நம் காட்டுக் கரடிக்குக் கண்பார்வை குறைவு. ஆள் அருகில் வந்த பின்னரே திடுக்கிட்டுப் பாயும். பாய்ந்தால் முகத்தையே பிறாண்டும். ஆனையையும் சிறுத்தையையும்விட வன்னியார் கரடிக்கு அஞ்சுவது இதனாலேதான்.

“முதுகிலை இரண்டு குட்டி இருந்தது, பிள்ளை. அதுவும் பசியிலை வந்தது, நானும் பசியிலை போனனான். வீட்டிலை அண்டைக்கு உலை வைக்கேல்லை.”

என் மனைவி விளக்குத் திரியைச் சற்றுத் தூண்டினாள். ஒருவரும் பேசவில்லை. யாருடைய முறை என்பதும் மறந்துபோயிற்று. அன்று புள்ளிகளை எண்ணாமலே துண்டுகளைப் பெட்டியில் அடுக்கினோம்.

படுக்கப் போகுமுன் மகள் மறுபடி வந்து நின்றாள். பாலை பழுக்கிற காலத்தில் தன்னையும் கூட்டிப்போக வேண்டுமாம். நான் மறுத்துரைக்க வாயெடுப்பதற்குள் தந்தையார் முந்திக்கொண்டார்.

“போவம். ஆனா, வழி முழுக்கச் சத்தமாக் கதைச்சுக்கொண்டு வரவேணும்.”