மாமாவின் கணிப்பொறி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அதற்காக, விக்கிரவாண்டியில் மாமா கடையிலுள்ள கணிப்பொறியைப் பழைய இரும்புக்குப் போடுவதா? வேண்டாம்.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ், விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் கற்பிக்க விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவே இருக்கிறது.

ஆனால், மாமாவைக் கேட்காமல் நிறுவிவிடாதீர்கள்! வட்டிலுள்ளவை அழியக்கூடும். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டுங்கள். அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய வருகிறதா என்று அவரே பார்க்கட்டும். சம்மதித்தால், கணக்குகளையும் படங்களையும் வேறொரு பென்டிரைவில் படியெடுத்த பின் நிறுவுங்கள்.

நிறுவச் சிறிது நேரம் போதும். பழக்கிவிடப் பல நாள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பவரே நிறுவத் தகுந்தவர் என்பது என் கருத்து.