நின்ற வண்டிக்கு அபராதம்: ஒரு வாத்தியாரின் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். தெருவில் கூடி நின்று சமாதானம் பேசி வைக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

2018-ல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கினேன். ஆடம்பரத்துக்கு இல்லை. என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. ஏழு வருஷத்தில் ஒரு முறை கூட இன்சூரன்ஸில் பணம் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் காய்கறிச் சந்தைக்கு எதிரே, மற்ற வண்டிகள் நிற்கிற இடத்தில்தான் ஓரமாக நிறுத்தியிருந்தேன். பின்னால் வந்த குட்டியானை ரிவர்ஸ் எடுத்தபோது காரின் பின்பக்கத்தில் மோதியது. நான் உள்ளே கூட இல்லை, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஓடி வந்து பார்த்தால் பம்பரில் ஒரு நீளமான கீறல், ஒரு சின்ன வெடிப்பு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. டிரைவர் சின்னப் பையன், கண் கலங்கி நின்றான். "சார், ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் சார்" என்றான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "விடுங்க சார், சின்னக் கீறல்தானே", "பாவம், கூலிக்கு ஓட்டுறவன்", "வாத்தியாரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படி மல்லுக்கட்டலாமா?" ஆளுக்கு ஒரு தீர்ப்பு. பையன் சட்டைப் பையிலிருந்தும் பக்கத்துக் கடைக்காரரிடம் கடன் வாங்கியும் 2,500 ரூபாய் தந்தான். "இனி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை" என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். பிழையில்லாமல், அழகான கையெழுத்தில், நானே எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு நாள் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் இருக்கிற குழியில் தண்ணீர். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் பம்பரைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பம்பர் என்று நாம் சொல்வது வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அடி பட்டால் அமுங்கும், மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டம் அப்படித் திரும்பி வராது. அது வளைந்திருந்தது. அதற்குப் பின்னால் டிக்கியின் பின் பேனல் உள்ளே தள்ளியிருந்தது. டிக்கிக் கதவு சரியாக உட்காராமல் அந்த இடைவெளியில்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டெயில் லாம்பின் பிடிப்புகளும் உடைந்து கிடந்தன. வெளியில் கீறல், உள்ளே முறிவு.

எஸ்டிமேட் 35,800 ரூபாய். என் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனேன். முதல் கேள்வி, "ஏன் ஒரு மாசம் கழித்து வருகிறீர்கள்?" பார்க்க வந்த சர்வேயர், "பம்பரும் பெயின்ட்டும் சரி, பேனல் பழைய டேமேஜ்" என்றார். இரும்புச் சட்டம் வளைந்த இடமும் பம்பர் வெடித்த இடமும் ஒரே நேர்கோட்டில் இருப்பதை மெக்கானிக் அளந்து காட்டினார். நான் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் எழுதினேன். இரண்டு மாசம் நடந்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். பையன் தந்த 2,500 ரூபாயை நான் மறைக்கவில்லை, சொன்னேன். அதையும் கழித்துக்கொண்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், இதை விட முடியாது.

பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புச் சாமான்களில் 40 சதவீதம் தேய்மானம். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலை என்று வைத்து அதில் பாதி கழிப்பார்கள். கூலிக்கு மட்டும் கழிவில்லை. என் பில்லில் இப்படிப் போனது 9,400. 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு முறையும் நாமே போட வேண்டிய கட்டாயத் தொகை 1,000. ஆக என் கையிலிருந்து 10,400.

தேய்மானத்தை நான் முழுக்கக் குறை சொல்லவில்லை. ஏழு வருஷப் பம்பருக்குப் பதில் புதுப் பம்பர் கிடைக்கிறது, சரி. ஆனால் அடுத்தது என்ன தெரியுமா? நோ கிளெய்ம் போனஸ்.

ஐந்து வருஷம் தொடர்ந்து பணம் கேட்காமல் இருந்தால், நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு முறை கேட்டால் அது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45, 50 என்று படி ஏற வேண்டும். எனக்குத் தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 5,000 என்று வையுங்கள். இதுவரை 2,500 கட்டினேன். இனி முதல் வருஷம் 2,500 அதிகம், அடுத்து 1,500, பிறகு 1,250, 750, 250. கூட்டினால் 6,250. முன்னதோடு சேர்த்தால் 16,650 ரூபாய். நின்றுகொண்டிருந்த வண்டிக்கு நான் கட்டும் அபராதம் இது.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். தப்பு செய்யாதவனுக்குத் தரும் போனஸ் இல்லை அது. பணம் கேட்காதவனுக்குத் தரும் போனஸ். வகுப்பில் ஒருவன் பக்கத்துப் பையனின் சிலேட்டை உடைக்கிறான். உடைபட்டவன் வந்து என்னிடம் சொல்கிறான். "நீ புகார் சொன்னாய், அதனால் உன் நன்னடத்தை மார்க்கைக் குறைக்கிறேன்" என்று நான் சொன்னால் என்னை ஆசிரியர் என்பீர்களா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 35,800 ரூபாயை யார் யார் கொடுத்தார்கள்? என் கம்பெனி 22,900. நான் 10,400. கூலிக்கு ஓட்டும் பையன் 2,500. அந்தக் குட்டியானைக்கு வருஷா வருஷம் மூன்றாம் நபர் பிரீமியம் வாங்கிக்கொண்ட வேறொரு கம்பெனி? பூஜ்யம். இடித்த வண்டிக்காக இன்சூரன்ஸ் பணம் வாங்கியவர்கள் மட்டும் ஒரு காசு தரவில்லை. தெருவில் நாம் பேசிய சமாதானம் யாருக்கு லாபம் என்று இப்போது தெரிகிறதா? பையனுக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று நினைத்து அவன் பையிலிருந்தே பிடுங்கினோம். அந்த 2,500-ம் கடைசியில் என் கம்பெனியின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. அது உயிருக்கும் உடம்புக்கும் மட்டும் இல்லை, அடுத்தவன் சொத்துக்கும்தான். கார், சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக 7,50,000 ரூபாய் வரை சொத்துச் சேதம் பாலிசியில் அடங்கும். இடித்த டிரைவர் போலீஸுக்கும் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் தர வேண்டும் என்று 134-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியிடம் நாம் பணம் கேட்க வேண்டுமானால் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். 35,800 ரூபாய்க்கு வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் நடக்க எந்த அறுபத்தைந்து வயதுக்காரனால் முடியும்? முடியாது என்று அவர்களுக்கும் தெரியும்.

நான் கேட்பது இரண்டுதான். நின்ற வண்டியை இன்னொருவர் இடித்தது உறுதியானால் போனஸில் கை வைக்கக் கூடாது. என் கம்பெனி எனக்குக் கொடுத்துவிட்டு, இடித்த வண்டியின் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இங்கிலாந்தில் அப்படி முழுத் தொகையும் வசூலாகிவிட்டால் போனஸ் பொதுவாகக் குறைவதில்லை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? இரண்டாவது, சின்னத் தொகைச் சொத்துச் சேதங்களை நீதிமன்றப் படி ஏறாமல் கம்பெனிகளே நேரடியாகத் தீர்க்க ஒரு வழி வேண்டும்.

அது வரும்வரை நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் யாரிடமும் பணம் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வண்டியின் நம்பரும் தெரியும்படி போட்டோ எடுங்கள். டிரைவரின் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் பதிவை அன்றே கேளுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அன்றைக்கே உங்கள் கம்பெனிக்குத் தகவல் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கழற்றிய பிறகு புதிதாகச் சேதம் தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள், சர்வேயரை மறுபடி வந்து பார்க்க வையுங்கள். அதுவரை வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாசத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, கூட்டம் கூடி "விடுங்க சார்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நல்ல மனசை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை அந்தப் பையனைப் பார்த்து, "பணத்தைப் பையில் வைடா, இன்சூரன்ஸ் பேப்பரை எடு" என்று சொல்லுங்கள். அவனுக்கும் அதுதான் நல்லது, வண்டிக்காரருக்கும் அதுதான் நல்லது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். நான்கு பேருக்குப் போய்ச் சேரட்டும், பகிருங்கள்.