ரோட்டில் பறக்கிறான் வாலிபன்! மண் மேடு கட்டிக் கொடுத்தால் என்ன?

ஒரகடம் கூட்டு ரோட்டில் சாயங்காலம் ஷிப்டு விடும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கன்டெய்னர் லாரிகள் உறுமுகின்றன. சாப்பாட்டுத் தூக்குடன் ரோட்டைக் கடக்க ஒரு கூட்டம் காத்து நிற்கிறது.

திடீரென்று ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் வருகிறவன் கையில் செல்போன், படம் பிடிக்கிறான். ரோட்டோரம் நின்றவர்கள் "ஐயோ!" என்கிறார்கள். வண்டி தப்பியது, பையனும் தப்பினான். இன்றைக்குத் தப்பினான். நாளைக்கு?

2023 செப்டம்பர் 17. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே, லட்சக்கணக்கான வாலிபர்கள் பார்க்கும் ஒரு யூடியூப் பிரபலம் முன் சக்கரத்தைத் தூக்கினார். வண்டி தூக்கி எறிந்தது. கை முறிந்தது. போலீசார் கைது செய்தார்கள். லைசென்சு 10 ஆண்டுக்குப் பறி போனது. செய்தி ஊரெல்லாம் பரபரப்பாக ஓடியது. அதற்குப் பிறகாவது சாகசம் நின்றதா? இல்லையே!

சட்டம் இருக்கிறது

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ஒரு வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் வரை அபராதம். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அப்பனுக்கே 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் அபராதம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இத்தனையும் கடுமையாக்கினார்கள்.

ஆனாலும் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டுதான். "பையன் ஆசைப்பட்டான், தவணையிலே வாங்கிக் கொடுத்துட்டோம்." ஆசை வண்டியோடு நின்றால் பரவாயில்லை. வண்டியைப் பறக்க விட வேண்டும் என்கிறது இளரத்தம். இடம் எங்கே? ரோடுதான் இருக்கிறது.

பிடி, அபராதம் போடு, வண்டியைப் பறிமுதல் செய். எல்லாம் வேண்டியதுதான். அதோடு வேலை முடிந்ததா? பந்து விளையாட மைதானம் இல்லாத தெருவில் ஜன்னல் கண்ணாடி உடையத்தான் செய்யும். பையனை மட்டும் அடித்து என்ன பயன்?

எல்லாம் இங்கேயே இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், பறக்கிற வண்டி தயாராவதே இந்த வட்டாரத்தில்தான். ராயல் என்பீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறது. வல்லம் வடகாலில் யமஹாவும் இருக்கிறது. டயருக்கு அப்பல்லோ இருக்கிறது. மண் அடிக்கும் டிப்பருக்கு பாரத்பென்ஸ் இருக்கிறது. கனரக எந்திரத்துக்கு கோமாட்சு இருக்கிறது. எல்லாம் கூப்பிடு தூரம்.

பந்தயமும் ஊருக்குப் புதிதல்ல. உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் கிடந்தது. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. கூட்டம் அலைமோதும். பிறகு 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோ மீட்டர் தார்ப்பாதை வந்தது. ஆனால் அது தார். நேரமும் காசும் உள்ள பந்தயக்காரர்களுக்கானது. ஷிப்டு முடிந்து வரும் பையனுக்கு அங்கே என்ன வேலை?

அவனுக்கு வேண்டியது மண். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். பெங்களூருக்காரர் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டக்கார் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியர். கோலார் பக்கம் மண் மேடு கட்டி, பள்ளிக்கூடம் மாதிரி பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கேரளாவின் ஹரித் நோவா 2024-ல் அதே டக்காரில் தன் பிரிவில் முதல் இடம் பிடித்தார். அவர் ஓடியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக. அணியில் நம்ம ஊர்க் கம்பெனி, ஓட்டுகிறவன் மட்டும் வெளியூர்க்காரனா?

மேடு கட்டுவதும் ஒரு தொழில்

'நாலு லோடு மண் கொட்டி, ஜேசிபி விட்டால் ஆச்சு' என்று நினைக்கக் கூடாது. அப்படிக் கொட்டிய மேட்டில்தான் கழுத்து முறியும்.

மண்ணை ஒரேயடியாகக் குவிக்காமல் ஒவ்வொரு அடியாகப் பரப்ப வேண்டும். லாரித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். கோடையில் காய்ந்த மண் மாவாகப் போகும். ஏறும் சக்கரம் புதையும், முகப்பு திரும்பிக்கொள்ளும், ஆள் குப்புற விழுவான். ஏறுகிற சரிவைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இறங்குகிற சரிவை மறந்துவிடுகிறார்கள். சமதரையில் வந்து விழுந்தால் அந்த அடி நேராக முதுகெலும்புக்குத்தான். சரிவில் இறங்கினால் வேகம் மெல்லக் கரையும்.

புதுப் பையன்களுக்கு இரண்டு மேட்டுக்கும் நடுவில் பள்ளம் விடவே கூடாது. மேஜை மாதிரி மண் போட்டு நிரப்ப வேண்டும். தாண்ட முடியாதவன் மேஜை மேலேயே இறங்குவான்; எலும்பு தப்பும். மேட்டைத் தாண்டி வண்டி நிற்க நீளமான இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை கரைத்த மேட்டை மறுபடி செப்பனிடாமல் ஒரு வண்டியும் ஏறக் கூடாது.

ஏரியில் கை வைக்காதே!

இங்கேதான் வில்லங்கம். மண் எங்கே இருந்து வரும்? இந்தப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது, சென்னை குடிக்கிறது. 'மைதானம்' என்று பெயர் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக ஏரி மண்ணை அள்ள ஒரு கூட்டம் காத்திருக்கும். மண் சிறு கனிமம். அனுமதி இல்லாமல் அள்ளினால் அதற்குப் பெயர் திருட்டு. கட்டிட அஸ்திவாரத்தில் தோண்டிய மண்ணை முறைப்படி சீட்டு போட்டுக் கொண்டு வரலாம். மாடு மேய்கிற புறம்போக்கையும் தொடக் கூடாது. தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த கிராமத்தான் மிச்சம் இருப்பதையும் இழக்க வேண்டுமா?

'மைதானம் கட்டினால் பையன்கள் இன்னும் கெட்டுப் போவார்கள்' என்பார் ஒருவர். 'மைதானத்திலும் சாவு வருதே' என்பார் இன்னொருவர். உண்மை. மறைக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டு 5-ந் தேதி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் 13 வயது சிறுவன் உயிர் போனது. அதே ஆண்டு ஜனவரியில் 59 வயது அனுபவசாலியும் கார் பந்தயத்தில் அங்கேயே இறந்தார். டாக்டர், ஆம்புலன்சு, ஹெல்மெட், உடைக் கவசம் எல்லாம் இருந்தும் நடந்தது.

அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் நிற்கும் இடத்திலேயே உயிர் போகிறது என்றால், கன்டெய்னர் லாரிக்கு நடுவே சாதா சட்டையுடன் பறக்கிறவன் கதி என்ன? அவன் கதியை விடுங்கள். தூக்குச் சட்டியுடன் ரோட்டைக் கடக்கும் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடந்தது. அரசே முன்னின்று நடத்தியது. ஊர் வேடிக்கை பார்த்தது. இரண்டு நாள் வேடிக்கைக்கு ரோட்டையே ஒதுக்க முடிந்தவர்களுக்கு, தொழிற்பேட்டையில் சும்மா கிடக்கிற மேட்டு நிலத்தில் ஒரு மூலையை ஒதுக்க முடியாதா?

வண்டி விற்று லாபம் பார்க்கும் கம்பெனிகள் செலவை ஏற்கட்டும். மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு வந்து மேட்டைப் பார்த்துச் சான்று தரட்டும். ஹெல்மெட் இல்லாதவன் வாசலிலேயே திரும்பட்டும். அதற்குப் பிறகும் ரோட்டில் சக்கரத்தைத் தூக்குகிறவனை போலீசார் தயவு தாட்சண்யம் இல்லாமல் உள்ளே தள்ளட்டும். யாரும் கேட்க மாட்டார்கள்.

இடத்தைக் காட்டி விட்டு அடித்தால் அது கண்டிப்பு. இடமே காட்டாமல் அடித்துக் கொண்டே இருந்தால் அடுத்த பிணம் விழும் வரை இதே கதைதான். சிப்காட்டும் கலெக்டரும் கவனிப்பார்களா?