கால்நடைக்கு முதலுதவி: கைவைத்தியம் எதுவரை?

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்துக்கு மாலை சூட்டி, படையலிட்ட பொங்கலை மாட்டுக்கு ஊட்டுவது உழவர் வீட்டு வழக்கம். ஒரு கவளத்தோடு நிறுத்தினால் கேடில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஓர் உருண்டை ஊட்டி, பானையில் மிஞ்சியதையும் தொட்டியில் கொட்டிவிடும் வீட்டில், மறுநாள் காலை மாடு அசை போடாமல் தலையைத் தொங்கவிட்டு நிற்கிறது. ஒருவர் எண்ணெய் புகட்டச் சொல்கிறார். இன்னொருவர் இஞ்சியும் பூண்டும் இடிக்கிறார். மூன்றாமவர் சூடு போட இரும்பைக் காய்ச்சச் சொல்கிறார். கால்நடை டாக்டரின் நினைவு மாலையில்தான் வருகிறது. அதற்குள் மாடு படுத்துவிடுகிறது.

சிறு விவசாயிக்குக் கறவை மாடு என்பது வெறும் மாடு அன்று. அதுதான் அவரது சேமிப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மழை பொய்த்த ஆண்டின் அரிசி. அந்த ஒரு மாடு நோயால் மட்டும் சாவதில்லை. பதற்றத்தில் செய்யப்படும் தவறான உதவியாலும் சாகிறது. முதலுதவி என்பது சிகிச்சை அன்று. டாக்டர் வரும் வரை உயிரைக் காத்து வைப்பதே முதலுதவி. எதைச் செய்வது என்று அறிவதைவிட, எதைச் செய்யக் கூடாது என்று அறிவதே அதில் முதற்பாடம்.

உப்புசம் இரண்டு வகை

வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் "உப்புசம்" என்ற ஒரே பெயரைச் சொல்வதில்தான் தவறு தொடங்குகிறது. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலையும் புல்லையும் செரிக்கின்றன. சோறு, பொங்கல், அரிசி மாவு, கல்யாண வீட்டு எச்சில் சோறு போன்றவை ஒரேயடியாக உள்ளே போனால், அவை புளித்து அமிலம் பெருகுகிறது. நார்த் தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு பல்லைக் கடிக்கும். சாணம் நீர்த்துப் புளித்த நாற்றமடிக்கும். கண் குழி விழும். இது அமில நோய். இதற்கு எண்ணெய் புகட்டுவதால் பயனில்லை. மேலும் தீவனம் கொடுக்காமல் நிறுத்தி, பெரிய மாடாயின் 100 கிராம், ஆடாயின் 15 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் மெல்லக் கொடுத்து, உடனே டாக்டரை அழைக்க வேண்டும். அதிகம் தின்றது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும் வரை காத்திருப்பதும் தவறு.

ஈரமான குதிரைமசால், தட்டைப்பயறு போன்ற பயறுவகைப் பசுந்தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்ந்தால் உண்டாவது வாயு உப்புசம். இடது விலாவின் பின்பள்ளம் மேலெழுந்து, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும். மாடு மூச்சுக்குத் திணறும். முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வாயின் குறுக்கே ஒரு குச்சியைக் கடிவாளம் போலக் கட்டினால், மாடு அதை மென்று உமிழ்நீர் சுரந்து ஏப்பம் விடும். கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் பெரிய மாட்டுக்குக் கால் முதல் அரை லிட்டர், ஆட்டுக்கு 50 மில்லி இங்கேதான் பயன்படும். மூச்சு முட்டித் தள்ளாடினால் கைவைத்தியத்துக்கு நேரமில்லை. வயிற்றில் துளையிட்டு வாயுவை வெளியேற்ற டாக்டரால் மட்டுமே முடியும்.

புகட்டுவதில் உள்ள ஆபத்து

நல்ல மருந்தும் தவறாகப் புகட்டினால் நஞ்சாகும். இருவர் தலையை அண்ணாந்து பிடிக்க, ஒருவர் நாக்கை இழுத்து, மூங்கில் குழாயில் உள்ளதை ஒரே மூச்சில் கவிழ்ப்பது பல ஊர்களில் இன்றும் காணும் காட்சி. அண்ணாந்து நாக்கு வெளியே இருக்கும்போது மாட்டால் சரிவர விழுங்க முடியாது. மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலை அடைகிறது. ஓரிரு நாளில் காய்ச்சலும் இளைப்பும் வந்து மாடு இறந்தால், "மருந்துக்கும் கேட்கவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் கொன்றது புகட்டிய முறையே.

மூக்கு, கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. நாக்கை இழுக்கக் கூடாது. கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்றி, விழுங்கிய பின்பே அடுத்த மடக்கு. இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு எதையும் புகட்டவே கூடாது. கன்று ஈன்ற ஓரிரு நாளில் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும் அதிகப் பால் மாட்டுக்கு வந்திருப்பது பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதற்கு விழுங்கும் வலுவும் இராது. பக்கவாட்டில் சாய்ந்துவிடாதபடி வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து, நெஞ்சின் மீது நிமிர்ந்து படுக்கும்படி வைத்து, கால்சியம் ஊசிக்கு ஆள் அனுப்புவதே முதலுதவி.

காயமும் கடியும்

இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் மீண்டும் பெருகும். நின்ற பின், வெளிர் ரோஜா நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவி, போவிடோன் அயோடின் மருந்திடலாம். சாணம், சாம்பல், மண், வண்டி மசகு ஆகியவற்றை அப்புவது ரண ஜன்னிக்கு வழிவிடும். குதிரை, ஆடு ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து மாட்டைவிட அதிகம். ஈ மொய்க்காமல் காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். ஆட்டின் கால் முறிந்தால், முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி, துணி சுற்றி மூங்கில் பத்தை வைத்துக் கட்டித் தூக்கிச் செல்ல வேண்டும்.

பாம்பு கடித்தால் கீறிவிடுவதோ, இறுகக் கட்டுவதோ, ஓட்டிச் செல்வதோ கூடாது. நடக்க நடக்க நஞ்சு விரைந்து பரவும். கால்நடையை அசையவிடாமல் வைத்து டாக்டரை வரவழைக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஊசி கால்நடைக்கும் பயன்படும்.

நாய்க்கடியில் அசட்டைக்கே இடமில்லை. கடிபட்டது மனிதராயினும் மாடாயினும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மாட்டைக் கழுவுபவர் கையுறை அணிவது நல்லது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்பக் கூடாது. கடித்த நாய் வளர்ப்பு நாயாயினும் தடுப்பூசித் தொடரை உடனே தொடங்க வேண்டும். மனிதர் அரசு மருத்துவமனையிலும், மாடு கால்நடை மருந்தகத்திலும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வெறிநோய் கண்ட மாடு தீனியை விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும். குரல் கரகரத்துக் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவுபவர், தம் உயிரையே பணயம் வைக்கிறார். அத்தகைய மாட்டைத் தனியே கட்டிவிட்டு டாக்டருக்குச் சொல்வதே அறிவுடைமை. வீட்டைக் காக்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின் ஆண்டுதோறும் டாக்டர் சொல்லும்படி ஊசியும் போட்டால், வீட்டில் இந்த அச்சம் பெருமளவு நீங்கும்.

பாட்டி வைத்தியம் பகையா?

இதைப் படிக்கும் பெரியவர்கள், "எங்கள் காலத்துக் கைவைத்தியம் எல்லாம் பொய்யா?" என்று கேட்கலாம். பொய் அன்று. மடிநோய்க்கு, பாலை முழுவதும் கறந்துவிட்டு, சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீர் கலந்து மடியில் நாளுக்குப் பத்து முறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே விவசாயிகளுக்குக் கற்பிக்கிறது. அளவும் முறையும் வரையறுத்தபின் அந்தக் கைவைத்தியம் ஏட்டில் ஏறிவிட்டது. அளவும் காரணமும் இல்லாத சூட்டுக்கோல் ஏறவில்லை. சூடு போட்டால் நொண்டும் மாட்டின் மூட்டு குணமாவதில்லை. அதற்கு ஒரு தீப்புண் கூடுகிறது, அவ்வளவுதான்.

மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கால்நடைக்குக் கொடுப்பதும் கைவைத்தியத்தின் புது வடிவமாகிவிட்டது. வலி மருந்தான டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த இந்திய அரசு 2006-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அம்மருந்து ஏறிய மாடு இறந்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், பூனையைக் கொன்றே விடும்.

தினம் ஐந்து நிமிடம்

முதலுதவியின் தேவையைக் குறைப்பது அன்றாடக் கவனிப்பு. பால் கறக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். மூக்கு ஈரமாக இருக்கிறதா? அசை போடுகிறதா? சாணம், சிறுநீர் எப்படி? பால் திடீரெனக் குறைந்ததா? ஐயம் எழுந்தால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு 101.5, ஆட்டுக்கு 102 முதல் 103, நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பானது. வெயிலில் நின்ற மாட்டுக்குச் சற்றுக் கூடும். "மாடு சோர்ந்திருக்கிறது" என்பதைவிட, "காய்ச்சல் 105, நேற்று மாலை முதல் அசை இல்லை" என்று தொலைபேசியில் சொன்னால், டாக்டர் தக்க மருந்தோடு வருவார்.

வெப்பமானி, பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், கையுறை, சோப்பு, போவிடோன் அயோடின், பொட்டாசியம் பெர்மாங்கனேட், சமையல் சோடா, அரை லிட்டர் கடலை எண்ணெய், ஒரு டார்ச் விளக்கு ஆகியவை ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும். மூடியின் உட்புறம் மருந்தக டாக்டரின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற இலவச எண்ணையும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பெட்டி மட்டும் போதாது. கையும் பழக வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கலப்பினம், பசுந்தீவனம், பால் அளவு என்று பேசிய அளவுக்கு முதலுதவியைப் பேசவில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஒவ்வொரு கூட்டுறவுப் பால் சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாள் உள்ளூர்க் கால்நடை டாக்டரை அழைத்து, வெப்பமானி பார்ப்பது, கட்டுப் போடுவது, புகட்டுவது ஆகிய மூன்றையும் செய்முறையாகக் கற்றுத்தர வேண்டும். முன்வரிசையில் பெண்கள் அமர வேண்டும். மாட்டைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்களே. மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் இதை நடத்தினால் இன்னும் நல்லது.

இனி வரும் மாட்டுப் பொங்கலில் மாட்டுக்கு ஒரு கவளம் மட்டும் ஊட்டி, மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். அதனால் நன்றிக்கடன் ஒன்றும் குறைந்துவிடாது. மறுநாள் காலையிலும் மாடு வழக்கம்போல அசை போட்டு நிற்கும்.