ஆர்ச்சைத் தாண்டும் தண்ணீரும் திங்கட்கிழமை மனுவும்

குற்றாலம் பேரருவியில் ஒரு விதி உண்டு. அங்குள்ள பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. சாரல் காலத்தில் விசில் சத்தம் கேட்டதும் ஈரத்துண்டைப் பிழிந்தபடி ஜனங்கள் வெளியேறுகிறார்கள். வெளியூரிலிருந்து செலவு செய்து வந்தவர்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் காவலரிடம் ‘ஏன்?’ என்று மல்லுக்கு நிற்பவர்கள் குறைவு. அவர் பார்க்கும் தண்ணீரைத்தான் இவர்களும் பார்க்கிறார்கள். வேகம் தணிந்தால் மறுபடி விடுவார்கள் என்பதும் தெரியும்.

அதிகாரிக்கு மக்கள் கட்டுப்படுவது அவர் போட்டிருக்கும் காக்கிக்காக மட்டுமல்ல. விதி இரு தரப்புக்கும் தெரிந்திருப்பதால்தான்.

இந்தத் தெளிவு பழைய குற்றாலம் அருவியில் இல்லாமல் போனது. 2024 மே 17 அன்று அங்கே திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அந்த அருவி யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. வனத் துறை வசம் போகிறது என்ற பேச்சு வந்ததும் உள்ளூர் மக்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். காட்டைக் காப்பவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. காலங்காலமாகப் புழங்கிய இடத்துக்கு கேட் போட்டுவிடுவார்களோ என்ற ஊராரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. எந்தத் துறை பொறுப்பேற்றாலும், ஊரைக் கூட்டிக் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல், ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் திங்கட்கிழமைகளில் தெரியும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. செங்கோட்டைக்காரர் மனு கொடுக்க இனி திருநெல்வேலி கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகம் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. உண்மையிலேயே பெரிய உதவிதான். ஆனால் மனு போகும் பாதை மாறவில்லை. கிராம நிர்வாக அலுவலரைப் பற்றிய புகாரை ஆட்சியரிடம் கொடுத்தால், அது கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று படியிறங்கிக் கடைசியில் அதே கிராம நிர்வாக அலுவலர் மேஜைக்கே அறிக்கை கேட்டு வந்து சேர்கிறது. மனுதாரர் கையில் மிஞ்சுவது ஒரு ரசீதும், ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியும்.

இந்த வரி எவ்வளவு கொடியது என்பதை 2017 அக்டோபர் 23 காட்டியது. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஒரு கிராமத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வருமே இறந்தார்கள். பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்பதே குறை. அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் பைகளையும் பாட்டில்களையும் சோதிப்பது கடுமையானது. சோதனை வேண்டியதுதான். மனு எங்கே தேங்குகிறது என்பதை அதே கடுமையோடு சோதித்திருக்க வேண்டாமா?

குறைகளைக் கேட்க அரசு ஏற்பாடு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் வந்தன. பின்னதில் பெறும் மனுவுக்கு 45 நாள் கெடுவும் வைத்தார்கள். ஆனால் முகாம் என்பது அரசு மனம்வைத்து வருவது; மக்கள் உரிமையாகக் கேட்டுப் பெறுவதல்ல. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2012-லேயே சேவை பெறும் உரிமை சட்டமாகிவிட்டது: சான்றிதழ் தர இத்தனை நாள், தவறினால் அலுவலருக்கு அபராதம். அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் நெடுநாளாகவே ஒலிக்கிறது. அதை இனியும் தள்ளிப்போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது மாவட்டம் பிறந்தபோது, வார்டு மறுவரையறை முடியவில்லை என்று தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தல் நின்றது. நடந்தது 2021 அக்டோபரில். 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகள் ஐந்தாண்டு தனி அலுவலர்கள் கையில் இருந்தன. ஆட்சியர் பக்கத்தில் வந்த அதே வேளையில், தெருவிளக்கு எரியவில்லை என்று வழிமறித்துக் கேட்கத் தலைவர் ஒருவர் ஊரில் இல்லை.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்த ஊரிலிருந்து ஆட்சியருக்குப் போன மனுக்கள் எத்தனை, எது யார் மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்ற பட்டியலை அங்கே வாசிக்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.