கராத்தேக்காரனுக்கு எதுக்குய்யா கர்லா கட்டை?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு. எழுதினா மாஸ்டர் படிச்சிடுவாரோன்னு ஒரு பயம். அவர் வாட்ஸப் ஃபார்வர்டு தவிர வேற எதையும் படிக்கிறதில்லன்னு இப்பதான் உறுதியாச்சு. அதனால தைரியமா எழுதறேன் :-)

விஷயம் இதுதான். தற்காப்புக் கலை கத்துக்கறவங்க எடை தூக்கலாமா கூடாதா? நான் கராத்தே கத்துக்கற எட்டு வருஷத்துல இந்தக் கேள்விக்கு நூறு தடவை ஒரே பதில்தான் கேட்டிருக்கேன். "ஜிம்முக்குப் போனா உடம்பு இறுகிடும். பஞ்ச் ஸ்லோ ஆயிடும். டெக்னிக் இருந்தா பலம் தேவையில்ல." நானும் இதை நம்பினேன். புதுசா வர்ற பசங்களுக்கு இதையே பெரிய மனுஷன் மாதிரி எடுத்தும் விட்டிருக்கேன். இப்ப நம்பறதில்ல. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சோகக் கதை.

நாங்க இருக்கறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அப்பா பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்து கணுக்கால் உடைஞ்சு போச்சு. கால் ஊன முடியல. கீழ ஆட்டோ ரெடி. நான் அப்பதான் கிளாஸ் முடிச்சு வந்து இடுப்புல பிரவுன் பெல்ட்டோட நிக்கறேன். "வாங்கப்பா, உப்பு மூட்டை ஏறிக்கங்க"ன்னு கெத்தா குனிஞ்சேன். அப்பா 72 கிலோ. நான் 64. முதல் பத்துப் படி ஓகே. பதினொண்ணாவது படில தொடை நடுங்க ஆரம்பிச்சுது. அப்பா காதுகிட்ட மெதுவா, "டேய், முடியலன்னா சொல்லு. கீழ போட்டுராத"ன்னார். முதல் திருப்பத்துலயே இறக்கி உக்கார வெச்சுட்டேன். எனக்கு மூச்சு வாங்குது, அம்மா மேல நின்னு அழறாங்க.

அந்த நேரம் பாத்து தண்ணி கேன் போடற அண்ணன் ரெண்டு கையிலயும் ரெண்டு இருபது லிட்டர் கேனோட ஏறி வந்தார். கேனை ஓரமா வெச்சார். "தள்ளிக்கங்க தம்பி"ன்னு சொல்லிட்டு அப்பாவை முதுகுல ஏத்திக்கிட்டு ரெண்டு மாடி இறங்கி ஆட்டோல உக்கார வெச்சுட்டு, திரும்ப வந்து கேனை எடுத்துக்கிட்டு மேல போயிட்டார். அவருக்கு ஒரு கதா தெரியாது. எனக்கு ஒன்பது தெரியும்.

அப்பா கால் மூணு மாசத்துல சரியாச்சு. எனக்குத்தான் அந்தப் பதினொண்ணாவது படி மறக்கல. நடுராத்திரி கிளையன்ட் காலுக்கு நடுவுல கூட ஞாபகம் வரும். தற்காப்புக் கலைங்கறோமே, யாரைக் காப்பாத்தறதுக்கு? வீட்ல ஒருத்தர் விழுந்தா தூக்க முடியாதவன் தெருவுல யாரைத் தூக்கிப் போடப் போறான்?

சரி, அழுகாச்சி போதும். மேட்டருக்கு வருவோம்.

"டெக்னிக் இருந்தா பலம் தேவையில்ல"ங்கறது பாதி உண்மை. ஒரே டெக்னிக் தெரிஞ்ச ரெண்டு பேர் மோதினா யார் ஜெயிப்பாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. குமிதேல என்னை விட பத்து கிலோ அதிகமான ஆள் நெருங்கி வந்தா என்னோட அழகான பிளாக் எல்லாம் அப்படியே மடங்கும். டெக்னிக் தப்பில்ல. அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்ல உள்ள.

வேடிக்கை என்னன்னா, "பலம் வேண்டாம்"னு சொல்றவங்க பாரம்பரியத்தைத்தான் சாட்சிக்கு இழுக்கறாங்க. பாரம்பரியத்தைப் போய்ப் பாத்தா அங்க பூரா எடைதான் கிடக்குது! நான் கத்துக்கறது கோஜு ரியூ. அதை உருவாக்கினவர் ஓகினாவாவோட நாஹா ஊர்க்காரர் சோஜுன் மியாகி (1888-1953). அந்த மரபுல ஹோஜோ உண்டோன்னு தனியா ஒரு பகுதியே உண்டு. துணைப் பயிற்சின்னு அர்த்தம். அதுல சி இஷின்னு ஒரு சாமான். ஒரு கட்டையோட நுனியில கல்லோ சிமெண்ட்டோ உருண்டையா வெச்சிருக்கும். அதைப் பிடிச்சு மணிக்கட்டையும் தோளையும் சுழட்டணும். நிகிரி காமேன்னு வாய் அகலமான ஜாடி ரெண்டு. விளிம்பை விரலால கவ்விப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நடக்கணும். பலம் கூடக்கூட உள்ள மணலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போவாங்க. இன்னிக்கு ஜிம்ல புரோக்ரெசிவ் ஓவர்லோடுன்னு ஸ்டைலா சொல்றாங்களே, அது இதேதான். ஜாடியில மண்ணு, அவ்ளோதான்.

ஜூடோ பக்கம் போனா மசாஹிகோ கிமுரா. 1951ல ரியோவுல ஹீலியோ கிரேசியோட கையை அவர் முறுக்கின பிடிக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். டெக்னிக் மன்னன், சந்தேகமே இல்ல. ஆனா அந்த மனுஷன் எடுத்த புஷ்அப் கணக்கைக் கேட்டா நமக்குத் தலை சுத்தும். நம்ம நாட்டு காமா பயில்வானும் அப்படித்தான். 1910ல லண்டன் போய்ச் சவால் விட்ட ஆளு. தினம் ஆயிரக்கணக்குல தண்டால், பஸ்கி எடுத்தவர்ங்கறது ஊரறிஞ்ச கதை.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம ஊர் கர்லா கட்டை? கையிலயும் தோள்லயும் சுழட்டற அந்த மரக்கட்டையை வெள்ளைக்காரன் இங்க பாத்துட்டு 'இண்டியன் கிளப்'னு பேர் வெச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போனான். 1904, 1932 ஒலிம்பிக்ல ஜிம்னாஸ்டிக்ஸ்ல அது ஒரு போட்டியாவே இருந்துச்சு. நாம அதைப் பரண்ல போட்டுட்டோம். தென் மாவட்டத்துல இளவட்டக்கல்லுன்னு ஊர் நடுவுல உருண்டையா ஒரு கல் கிடக்கும். தூக்கி முழங்கால்ல ஏத்தி, நெஞ்சுல ஏத்தி, தோளுக்குக் கொண்டுபோய் பின்னாடி போடணும். போட்டாத்தான் பொண்ணுன்னு ஒரு காலத்துல வழக்கம். அந்த வழக்கம் இப்ப இருந்தா எங்க டீம்ல பாதிப் பேர் பிரம்மச்சாரிதான், நான் உட்பட.

எடை தூக்கினா ஸ்லோ ஆயிடுவோம்ங்கறதும் எனக்கு ஒட்டல. பஞ்ச் கையிலேர்ந்து வர்றதில்லன்னு முதல் நாளே சொல்லித் தர்றாங்க. குதிகால் தரையைத் தள்ளணும், இடுப்பு திரும்பணும், கடைசியிலதான் கை. தரையைத் தள்ற காலுக்கு பலம் இல்லன்னா வேகம் எங்கேர்ந்து வரும்? நூறு மீட்டர் ஓடறவங்க எல்லாரும் ஸ்குவாட் போடறாங்க, அவங்க என்ன ஆமையா? இறுகிடும்ங்கறதும் பாதிக் கதைதான். அரைகுறையா மடக்கி ஆட்டினா இறுகும். முழுசா கீழ போய் முழுசா மேல வந்தா மூட்டு நல்லாவே விரியும். என்னோட மவாஷி கெரி போன வருஷத்தை விட இப்பதான் உயரமா போகுது.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு தூக்காதீங்க. புரூஸ் லீயே மாட்டிக்கிட்டார். 1970ல, ஒழுங்கா வார்ம் அப் பண்ணாம, கிட்டத்தட்ட தன் எடைக்குச் சமமான பாரத்தைத் தோள்ல வெச்சுக் குனிஞ்சு நிமிர்ந்ததுல முதுகு போயி மாசக்கணக்குல படுத்துட்டார். இனிமே உதைக்கவே முடியாதுன்னாங்க. எந்திரிச்சு வந்து படமா நடிச்சுத் தள்ளினது அவரோட பிடிவாதம். வலி மட்டும் கடைசி வரைக்கும் இருந்துச்சு. புரூஸ் லீக்கே அப்படின்னா, பத்து மணி நேரம் நாற்காலியில கூன் போட்டு உக்கார்ற நமக்கு?

நான் பண்றது ரொம்ப சிம்பிள். வாரத்துல ரெண்டே நாள், திங்களும் வெள்ளியும், தலா ஐம்பது நிமிஷம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், தலைக்கு மேல தூக்கறது, புல்அப், கடைசியா கனமான டம்பெல் ரெண்டைத் தூக்கிக்கிட்டு நடக்கறது (தண்ணி கேன் அண்ணன் நினைவா). செவ்வாய், வியாழன், ஞாயிறு கிளாஸ். ஞாயிறு குமிதே இருக்கறதால வெள்ளிக்கிழமை கால் பயிற்சி கம்மி. டெட்லிஃப்ட் 30 கிலோல ஆரம்பிச்சேன், எட்டு மாசத்துல 90. புல்அப் பூஜ்யத்துலேர்ந்து ஆறு. கேவலமான நம்பர்தான், ஜிம்ல இருக்கற பசங்க வார்ம் அப்புக்கே அதைத் தூக்கறாங்க. முதல் சில வாரம் எடை மளமளன்னு ஏறும், சதை வளர்ந்துடுச்சுன்னு கண்ணாடி முன்னாடி நிக்காதீங்க. இருக்கற சதையை எப்படி வேலை வாங்கறதுன்னு நரம்பு கத்துக்குது, அவ்ளோதான். தசைநாருக்கு அதை விட அதிக நாள் வேணும். அதனாலதான் ஆர்வக்கோளாறுல ஏத்தறவங்க மூணாவது மாசம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றாங்க.

இனி மோட்டிவேஷன். இதுதான் நான் உண்மையிலயே எழுத வந்தது.

பிரவுன் பெல்ட் வாங்கினதுக்கு அப்புறம் நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல நான் கிளாஸ் பக்கமே சரியா போகல. ரிலீஸ், டெட்லைன்னு வெளிய சொன்ன காரணம் ஆயிரம். உண்மையான காரணம், முன்னேறறோமா இல்லையான்னே தெரியல. நாலு வருஷமா ஒரே கதா. மாஸ்டர் பாத்துட்டு "ம்ம்... பரவால்ல"ம்பார். அடுத்த வருஷமும் அதே "ம்ம்". வெள்ளை பெல்ட்ல மூணு மாசத்துக்கு ஒரு கலர் மாறும், ஜாலியா இருக்கும். மேல போகப் போக வருஷக்கணக்குல எதுவும் மாறாது. பலர் விடற இடம் அதுதான். சோம்பேறித்தனம்னு திட்டறோம். எனக்கென்னவோ அவங்க இருட்டுல நடக்கறாங்கன்னுதான் தோணுது.

கராத்தே, யாரோ எழுதிட்டுப் போன பழைய கோட் மாதிரி. ஒரு இடத்துல கை வெச்சா எங்க சரியாச்சு எங்க உடைஞ்சுதுன்னு தெரிய மாசக்கணக்காகும். இரும்பு அப்படியில்ல. தூக்கினியா, தூக்கலையா, உடனே சொல்லிடும். ரெண்டரை கிலோ கூட்டினேன், எந்திரிச்சுது. நாற்பது ரூபா நோட்டுல தேதி போட்டு எழுதறேன். அந்த நம்பர் ஏறறதைப் பாத்துதான் கிளாஸுக்கு மறுபடி ஒழுங்கா போக ஆரம்பிச்சேன். கதா இன்னும் "ம்ம்"தான். ஆனா நான் நின்ன இடத்துலயே நிக்கலன்னு எனக்கே ஒரு சாட்சி இருக்கு.

யூடியூப்ல பின்னணி இசையோட ஒருத்தர் கத்தற வீடியோ பாத்து வர்ற உற்சாகம் செருப்பு மாட்டறதுக்குள்ள இறங்கிடும். நம்மளை நகர்த்தறது சின்னச் சின்ன விஷயம்தான். எந்த நாள்னு முடிவாகியிருக்கணும். பை முதல் நாள் ராத்திரியே வாசல்ல இருக்கணும். போகலன்னா போன் பண்ற ஒரு ஆள் இருக்கணும். மனசே இல்லாத நாள்ல பாதி எடையாவது தூக்கிட்டு வந்துடணும். அன்னிக்கும் நோட்டுல எழுதணும்.

மாஸ்டர் பக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா பாவம். ஒரு நாள் டீக்கடையில நேரடியாவே கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஜிம்முக்குப் போன பசங்க யாரும் திரும்பி வர்றதில்லப்பா"ன்னார். அப்பதான் புரிஞ்சுது. அவர் பயந்தது என் பஞ்ச் ஸ்லோ ஆயிடும்னு இல்ல. நாற்பது பேர் இருந்த கிளாஸ்ல இப்ப பதினொரு பேர். கண்ணாடி வெச்ச ஏசி ஹால் இழுத்துட்டுப் போயிடுது. அந்தப் பயம் நியாயமானது. அதுக்கு "போகாதே"ன்னு தடுக்கறது மருந்தில்லங்கறது என் கருத்து. எடையை நம்ம மொட்டை மாடிக்கே கொண்டு வரணும். மாசம் ஆயிரத்தைந்நூறு கட்ட முடியாத பசங்களும் அங்கதான் இருக்காங்க.

அதனால போன மாசம் ஒரு வேலை பண்ணேன். பக்கத்துல கட்டடம் கட்டற மேஸ்திரிகிட்ட மிச்ச சிமெண்ட் வாங்கி, சின்ன பெயிண்ட் டப்பாவுல ஊத்தி, நடுவுல ஒரு மண்வெட்டிக் காம்பை நட்டு, ஒரு வாரம் தண்ணி விட்டுக் காய வெச்சு ஒரு சி இஷி செஞ்சேன். நாலரை கிலோ. கிளாஸ் மூலையில வெச்சுட்டு ஒண்ணுமே சொல்லல. மாஸ்டர் பாத்தார். எடுத்தார். நாலு சுத்து சுத்தினார். அறுபது வயசுல அந்த மணிக்கட்டு நடுங்கவே இல்ல! "காம்பு இன்னும் நாலு விரக்கடை குட்டையா இருக்கணும்"னு சொல்லிட்டு கீழ வெச்சார். அடுத்த ஞாயிறு ரெண்டு பசங்க அவங்களாவே ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்துட்டாங்க.

வீட்லயும் ஒரு டெஸ்ட் ஓடுச்சு. 25 கிலோ அரிசி மூட்டையைத் தோள்ல போட்டு நிக்காம மூணு மாடி ஏறி வந்தேன். அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கிப் பாத்துட்டு, "அரிசி மூட்டை பயப்படாதுடா"ன்னார். 72 கிலோவுக்கு இன்னும் தூரம் இருக்கு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

சிலம்பம், களரி, ஜூடோ கத்துக்கற பதிவர்கள் யாராச்சும் இருந்தா உங்க வாத்தியார் என்ன சொல்றார்னு சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் ஓகே, ஆனா திங்களும் வெள்ளியும் பதில் வராது :-)

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, கோச்சும் இல்ல. முதுகுவலி, மூட்டுவலி இருக்கறவங்க விவரம் தெரிஞ்ச ஆளைப் பாத்துட்டு ஆரம்பிங்க. கணுக்கால் உடைஞ்ச ஆளை முதுகுல தூக்கறதும் தப்புன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார். 108ஐக் கூப்பிடணுமாம்.

டிஸ்கி 2: தண்ணி கேன் அண்ணனை ஜிம்முக்குக் கூப்பிட்டேன். "காசு குடுத்து வேற தூக்குவாங்களா தம்பி?"ன்னு கேட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்.