153 இடம், நாலு பென்ஸ், ஒரு மெழுகுதிரி

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்தால் காணும், வீட்டில இந்தக் கதை தொடங்கிவிடும். கிராமர் பள்ளிக்கூடமா, பிரைவேட்டா? பிரைவேட் என்றால் ஃபீஸுக்கு எங்க போறது? லண்டனில் இருக்கிறவர்கள் இந்தக் கதையில் தவறாமல் எடுக்கிற ஒரு பெயர் சென்ற் போல்ஸ். அது எப்படித் தொடங்கினது என்று இந்த முறை பார்ப்பம்.

1509ல் சென்ற் போல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அதைத் தொடங்கினவர், அங்கே தலைமைக் குருவாக இருந்த ஜோன் கொலெட். தகப்பன் துணி வியாபாரி, லண்டன் மேயராகவும் இருந்தவர். அவர் விட்டுப்போன சொத்தைத்தான் கொலெட் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். நிர்வாகத்தைத் திருச்சபையிடம் விடவில்லை. தகப்பன் அங்கம் வகித்த மெர்சர்ஸ் என்ற வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தார்.

மொத்தம் 153 இடம். பைபிளில் சீடர்களின் வலையில் அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை அது. படித்தது ஆண்பிள்ளைகள்தான் (பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் 1904ல்தான் வந்தது). ஆனால் எந்த நாட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவைத்தார். ஃபீஸ் கிடையாது. சேரும்போது பெயர் பதிய ஒரேயொரு தரம் நாலு பென்ஸ். அந்தக் காசும், பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிற ஏழை மாணவனுக்கே போனது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இன்னும் இரண்டு விதி இருந்தது. சேரமுதலே பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் மலிவான கொழுப்புத் திரி கொளுத்தக்கூடாது, மெழுகுதிரிதான். அதுவும் வீட்டுச் செலவில். அப்போ, வீட்டில் ஓரளவு வசதி இருந்தால்தான் அந்த இலவசத்தையும் எட்டிப் பிடிக்கலாம்.

1666 பெருந்தீயில் பள்ளிக்கூடம் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. 1884ல் ஹமர்ஸ்மித்துக்கும் 1968ல் தேம்ஸ் கரையில் இருக்கிற பார்ன்ஸுக்கும் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மாற்றங்களோடு மாணவர் தொகை கூடியது, ஃபீஸும் வந்தது. இன்று அது வருசத்துக்கு 30,000 பவுணுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளி ஃபீஸுக்கு 20 வீத வற் வரியும் சேர்ந்துவிட்டது.

அதுக்காக "அது எங்களுக்கில்லை" என்று கதவைச் சாத்தத் தேவையில்லை. ஸ்கொலஷிப்பையும் பேர்சரியையும் எங்கட ஆட்கள் அடிக்கடி ஒன்றாக்கிக் கதைக்கிறார்கள். ஸ்கொலஷிப் திறமைக்கு. இப்ப பல இடங்களில் அதில் பெயர்தான் பெரிசு, காசு கொஞ்சம். பேர்சரி வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, சிலருக்கு முழு ஃபீஸும் கிடைக்கும். ஆனால் சம்பளம், சேமிப்பு, வீட்டின் பெறுமதி எல்லாம் காட்ட வேண்டும். "எங்கட காசுக் கதை பிறத்தியாருக்கு ஏன்?" என்று அந்த இடத்தில்தான் பல பேர் பின்வாங்குகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படியான பள்ளிக்கூடங்களைத் தொடங்கினவர்கள் சொத்தை எழுதிவைத்ததே காசில்லாத பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேணும். இரண்டு பேரும் வேலை, சொந்த வீடு என்று இருக்கிற நடுத்தரக் குடும்பத்துக்குப் பேர்சரி கிடைக்காமலும் போகலாம். அப்படியென்றால் வீட்டை ஈடுவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. பக்கத்து அரச பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளை தோற்ற பிள்ளையும் இல்லை.

ஓப்பன் டேக்குப் போனால் கட்டிடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பேர்சரிக்கு எந்த வருமான எல்லை? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? பல இடங்களில் பரீட்சைக்குப் பதியும்போதே கேட்க வேண்டும், இடம் கிடைத்த பிறகு கேட்டால் பிந்திவிடும். மூன்றாவது, சீருடை, பஸ், சாப்பாடு, சுற்றுலா எல்லாம் அந்த உதவிக்குள் அடங்குமா? மெழுகுதிரிக் காசு இப்ப அந்தப் பெயர்களில்தான் வருகிறது.